பிள்ளையாருக்குப் பின்னால் இருந்த சாவி

அன்புள்ள செந்தில்,

"புது சேஃப் எது வாங்கலாம்னு வாட்ஸ்அப்ல ரெண்டு லைன் போடுங்கப்பா" என்று நீ கேட்டு இன்றோடு ஒன்பது நாளாகிறது. இரண்டு வரி எழுதத்தான் போனை எடுத்தேன். எடுப்பதும் வைப்பதுமாக இருந்ததைப் பார்த்துவிட்டு உன் அம்மா, "பேப்பர்ல எழுதுங்க, அப்பதான் உங்களுக்கு வாய் திறக்கும்" என்றாள். அதனால் இந்தக் கடிதம், அதுவும் தமிழில். இங்கிலீஷில் எனக்கு பீரோ விற்கத் தெரியும், மன்னிப்புக் கேட்கத் தெரியாது. நீ சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு ஐந்தாம் வகுப்போடு கும்பிடு போட்டவன். எழுத்துக்கூட்டிப் படித்தால் முடிக்க மூன்று நாள் ஆகும். ஆகவே வித்யாவைப் பக்கத்தில் உட்காரவைத்து அவளையே சத்தமாகப் படிக்கச் சொல். என் மருமகள் கோயம்புத்தூர்ப் பெண், கடகடவென்று படித்துவிடுவாள். அவள் படித்து நீ கேட்க வேண்டும் என்று நான் விரும்புவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. காணாமல் போன சாவிக்காக மூன்று வாரமாக அவள் தலையில் ஒரு பழி உட்கார்ந்திருக்கிறது. அதை இறக்கி வைக்காமல் இந்தக் கடிதம் முடியாது. ஆனால் முதலில் நீ கேட்ட துப்பாக்கி பீரோவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அதுதான் சுலபம்.

துப்பாக்கி என்ற சொல்லே நம் வீட்டில் புழங்கியதில்லை. நல்ல பள்ளிக்கூடத்தின் எல்லைக்குள் வரும்படி ஸ்கூல் ஜோன் பார்த்து கிளென் வேவர்லியில் இந்த வீட்டை வாங்கி, டியூஷன் டியூஷனாக உன்னைக் காரில் கொண்டுபோய் விட்டதெல்லாம் நீ மனுஷ டாக்டராவாய் என்றுதான். நீ மாட்டு டாக்டரானாய். சரி, அதுவும் உயிர்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பிறகு ஒருநாள் கிப்ஸ்லாந்தில் மாட்டுப் பண்ணைகள் பக்கம் வேலை கிடைத்திருக்கிறது, ரைஃபிள் லைசென்ஸ் எடுக்கப் போகிறேன் என்றாய். உன் அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "எதுக்குடா? மாட்டுக்கு வைத்தியம் பாக்கவா, சுடவா?" என்று கேட்டாள். நீ பொறுமையாகச் சொன்னாய், காலொடிந்து பிழைக்க வழியில்லாத மாடு உதறிக்கொண்டு கிடக்கும்போது ஊசியோடு கிட்டப் போக முடியாது, அதை வேதனையில் விடாமல் ஒரு நொடியில் முடித்துவைப்பதும் வைத்தியம்தான் என்று. அன்றைக்கு எனக்கு உன் மேல் வந்த மரியாதையை நான் உன்னிடம் சொல்லவேயில்லை. இப்போது சொல்கிறேன், வைத்துக்கொள்.

மரியாதை வந்த கையோடு கோபமும் வந்தது. அப்பன் டாண்டினாங்கில் ஒரு பூட்டுக் கடையில் பதினெட்டு வருஷம் பீரோ விற்றவன். ஊரில் படித்த இன்ஜினியரிங்கை இங்கே யாரும் சீந்தாதபோது சோறு போட்டது அந்தக் கடைதான். அப்படிப்பட்டவன் பிள்ளை, அப்பனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஆன்லைனில் மலிவாக ஒரு தகரப் பெட்டியை வாங்கி வைத்திருக்கிறான்! வாத்தியார் பிள்ளை மக்கு என்று சும்மாவா சொன்னார்கள்? கதவு மட்டும் கனமாக இருக்கும்படி செய்து ஆளை ஏமாற்றுவது இந்தத் தொழிலில் பழைய வித்தை. கடைக்கு வருகிற எல்லாரும் கதவைத்தான் தட்டிப் பார்ப்பார்கள். எங்கள் முதலாளி, எண்பது வயதிலும் தினம் கடைக்கு வந்த இத்தாலிக்காரர், வாடிக்கையாளரின் கையைப் பிடித்து இழுத்துப் போய்ப் பக்கவாட்டில் தட்டச் சொல்வார். நீயும் பக்கத்தைத் தட்டு, முதுகைத் தட்டு. எண்ணெய் டின் மாதிரி சத்தம் கேட்டால் பேசாமல் அடுத்த பெட்டிக்கு நகர்ந்துவிடு.

கனமான பெட்டி வாங்கினாலும் சும்மா நிறுத்தி வைக்காதே. எடை குறைந்த பெட்டியைத் தரையோடோ சுவரோடோ பிணைத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். சட்டம் கேட்காவிட்டாலும் கான்கிரீட் தளத்தில் போல்ட் போட்டு இறுக்கு. நாலு பேர் ஒரு ட்ராலியோடு வந்தால் எந்தப் பெட்டியும் கிளம்பிப் போகும். கையால் குத்தினாலே உடைகிற பிளாஸ்டர்போர்டு சுவரில் மாட்டிவிட்டுப் போகிற புத்திசாலிகளையும் நான் பார்த்திருக்கிறேன். கராஜில் வைக்காதே. கராஜ் கதவு திறந்தால் ரோட்டில் போகிறவனுக்கெல்லாம் தரிசனம். உன் வேலை அறையில் ஜன்னலிலிருந்து தெரியாத அந்த மூலை இருக்கிறதே, அதுதான் சரியான இடம். தோட்டாவுக்குத் தனிப் பூட்டு, தனிச் சாவி. பீரோவுக்குள்ளேயே சின்ன அறை இருக்கும், அதற்குத் தனியாகப் பூட்டு இருக்கிறதா என்று திறந்து பார்த்து வாங்கு. இருந்தாலும், அந்த இரண்டு சாவியையும் ஒரே வளையத்தில் கோத்துத் தொங்கவிட்டால் இரண்டு பூட்டு போட்டதற்கு அர்த்தமே இல்லை. நீ அப்படித்தான் கோத்திருந்தாய் என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதற்குக் கொஞ்ச நேரத்தில் வருகிறேன்.

சாவிப் பூட்டா, நம்பர் பூட்டா என்று கேட்டிருந்தாய். உனக்கு நம்பர் பூட்டுதான். சாவி இருந்தால்தானே ஒளித்து வைக்க இடம் தேடுவாய். ஆனால் நம்பர் பூட்டில் நம் ஜனங்களுக்கென்றே ஒரு வியாதி இருக்கிறது. உன் அம்மாவின் கார் நம்பரைக் கூட்டினால் ஆறு, போன் நம்பரைக் கூட்டினால் ஆறு, இந்த வீட்டு நம்பரும் ஆறு. ஆறு வரவில்லை என்று நல்ல வீடு ஒன்றைக் கைவிட்டோம், உனக்கு ஞாபகம் இருக்கும். கடைக்கு வருகிற நம் ஆட்களுக்கு நான் பூட்டைக் காட்டினால், "அங்கிள், கூட்டுத்தொகை ஒம்பது வர்ற மாதிரி செட் பண்ணலாமா?" என்று கேட்பார்கள். மிச்சம் உள்ளவர்கள் பிள்ளை பிறந்த தேதியை வைப்பார்கள். பிள்ளைக்குத் தன் பிறந்தநாளைத் தவிர வேறு எந்த நம்பர் முதலில் தெரியும்? என் பேத்தி இனியாவின் பிறந்தநாள் வேண்டாம், உன் கல்யாண நாள் வேண்டாம், ராசி எண்ணும் வேண்டாம். நீ நம்பரை அழுத்தும்போது அவள் பக்கத்தில் நிற்கவும் வேண்டாம். நாலு வயதுக் குழந்தை நம் வாயைப் பார்ப்பதைவிட விரலைத்தான் அதிகம் பார்க்கும். அப்புறம், பேட்டரி தீர்ந்தால் திறக்க ஒரு அவசரச் சாவி கொடுப்பார்கள். போன பெட்டிக்குக் கொடுத்த இரண்டாவது சாவியை நீ எங்கே வைத்திருந்தாய்? பீரோவுக்குள்ளேயே! அந்தச் சாவி உள்ளே பத்திரமாகப் படுத்திருக்க, நீ வெளியே நின்று தவித்தாய். சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

போன ஆயுத பூஜையை நினைத்துப் பார். ஸ்டெதஸ்கோப், லேப்டாப், கார் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாய். தொழில் செய்கிற கருவிதானே என்று பீரோவைத் திறந்து ரைஃபிளுக்கும் வைத்தாய். பீரோ சாவிக்கும் ஒரு பொட்டு. இனியா உன் மடியில் உட்கார்ந்து குங்குமக் கிண்ணத்தைப் பிடித்திருந்தாள். அதை வித்யா படமெடுக்க, நீ நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாய். நாற்பது பேர் இருக்கிற குழு. குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கும் உன் சித்தப்பாவிலிருந்து திருச்சியில் இருக்கும் அவர் மச்சான் வரைக்கும், உன் வீட்டில் துப்பாக்கி இருப்பதும், பீரோ எந்த மூலையில் நிற்கிறது என்பதும், சாவி எப்படி இருக்கும் என்பதும் தெரிந்துபோனது. "ஆஹா, மருமகள் கை மணம்" என்று ஒருத்தர் சுண்டலைப் பாராட்டியிருந்தார். பூட்டுத் தொழிலில் பதினெட்டு வருஷம் இருந்த உன் அப்பன் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு இதயப் படம் போட்டேன். அன்றைக்கே உன்னைக் கூப்பிட்டுக் காதைத் திருகியிருக்க வேண்டும்.

இனி பொங்கல் கதைக்கு வருகிறேன். பொங்கல் முடிந்த சனி ஞாயிறு உங்கள் வீட்டுக்கு வந்தோம். கொல்லையில் அடுப்பு மூட்டலாம் என்று ஆசையாகப் பானையெல்லாம் கொண்டுவந்தால், இந்த ஊர்த் தை மாத வெயில் கொளுத்தி, காட்டுத்தீக்குப் பயந்து நெருப்பு மூட்டத் தடை போட்டுவிட்டார்கள். சமையலறை அடுப்பிலேயே பொங்கி, "பொங்கலோ பொங்கல்" என்று ஜன்னலைப் பார்த்துக் கத்தினோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீயும் வித்யாவும் அம்மாவும் கடைக்குப் போனீர்கள். நானும் இனியாவும் மட்டும் இருந்தோம். எனக்குக் கடைப் புத்தி விடுமா? விளையாட்டாகத்தான் கேட்டேன், "இனியா குட்டி, அப்பா பெரிய பீரோ சாவி எங்க இருக்குன்னு உனக்குத் தெரியுமா?" என்று. தெரியாது என்று சொல்லிவிடுவாள், உன்னைப் பாராட்டலாம் என்று நினைத்தேன். அவள் பாத்ரூமிலிருந்து தன் பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துவந்து சாமி அலமாரிக்கு முன்னால் போட்டாள். ஏறினாள். பிள்ளையாரை இரண்டு கையாலும் மெதுவாக நகர்த்தினாள். "பிள்ளையார்கிட்ட இருக்கு தாத்தா. இட்ஸ் எ சீக்ரெட்" என்று சொல்லி, இரண்டு சாவியும் கோத்த அந்த வளையத்தை என் உள்ளங்கையில் வைத்தாள். குங்குமம் அப்பியிருந்தது. டேய் செந்தில், நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். "தாத்தா, ஆர் யூ சேட்?" என்று கேட்டாள் குழந்தை.

சாவியைச் சட்டைப் பையில் போட்டேன். நீ வந்ததும் தனியாகக் கூப்பிட்டுக் கொடுத்து, வேண்டியமட்டும் திட்ட வேண்டும் என்று வாய்க்குள்ளேயே ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். நீ வந்தாய், ஷூவைக்கூடக் கழற்றவில்லை, ஏதோ கன்றுக்குட்டி வயிறு உப்பிக் கிடக்கிறது என்று போன் வந்து கிளம்பிப் போய்விட்டாய். வித்யாவிடம் கொடுக்கலாமா என்றால், லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறதோ அவர் கையில்தான் சாவி இருக்க வேண்டும், மனைவி கையில்கூட இருக்கக் கூடாது. பதினெட்டு வருஷம் அந்த விதியை ஊருக்கெல்லாம் ஒப்பித்தவன் நான். நீ வரட்டும் என்று காத்திருந்தேன். நேரமாகிவிட்டது, அம்மா அவசரப்படுத்தினாள், வித்யா புளியோதரை கட்டிக் கொடுத்தாள், இனியா காரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கிளம்பிவிட்டோம். வயதாகிவிட்டது செந்தில். வழியில் புளியோதரை சாப்பிட்டது ஞாபகம் இருக்கிறது, பையில் சாவி இருந்தது ஞாபகம் இல்லை.

மறுநாள் திங்கட்கிழமை சாயங்காலம் நீ கூப்பிட்டாய். உனக்கு மூச்சு வாங்கியது. "அப்பா, சேஃப் சாவி காணோம்பா. ஒரு மாடு பண்ணை வாசல்ல போட்டிருக்கற கம்பி கிரிட்ல மாட்டி ரெண்டு காலும் ஒடிஞ்சு போயிடுச்சு. ரைஃபிள் எடுக்க வீட்டுக்கு ஓடி வந்தேன், சாவி வெச்ச எடத்துல இல்ல. வித்யா காலைலதான் சாமி அலமாரியத் தொடச்சா. அவதான் எங்கயோ வெச்சுத் தொலச்சிருக்கா, கேட்டா எடுக்கவே இல்லங்கறா" என்றாய். பின்னால் வித்யாவின் குரல் கேட்டது, "நான் சத்தியமா எடுக்கலைங்க." நீ போனைக் காதிலிருந்து எடுக்காமலே அவளைப் பார்த்து, "அப்ப பிள்ளையாரா எடுத்துட்டுப் போனாரு?" என்று கத்தினாய். என் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை எனக்கு எதிரே நாற்காலி முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது. எழுந்து போய்ப் பையைத் தொட்டேன். இருந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவார்கள் என்பார்கள், இங்கே அலைகிறவன் நீ, வெண்ணெய் என் பையில்.

நான் அப்போது சொல்லியிருக்க வேண்டும். ஒரு வார்த்தை போதும், "என்கிட்ட இருக்குடா." அந்த வார்த்தை வரவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டினமாதிரி நின்றேன். இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கிறேன், இப்போது சொல்லி அந்த மாட்டுக்கு என்ன லாபம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். லைசென்ஸ் இல்லாதவன் சாவியோடு ஊரைத் தாண்டி வந்திருக்கிறேனே, போலீஸ் கேட்டால் உன் லைசென்ஸுக்கு ஆபத்தோ என்றும் பயந்தேன். இதெல்லாம் மேல்பூச்சு. உள்ளே இருந்தது வெட்கம்தான். உனக்குப் புத்தி சொல்ல வேண்டியவன் உன் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வந்து மறந்துவிட்டேன் என்று ஒப்புக்கொள்ள நாக்கு புரளவில்லை. "பூட்டுக்காரனைக் கூப்பிட்டு டிரில் பண்ணச் சொல்லு" என்று நிபுணர் மாதிரி ஆலோசனை சொல்லிவிட்டு போனை வைத்தேன். பக்கத்து ஊர் மாட்டு டாக்டர் அவர் துப்பாக்கியோடு வந்து சேர நாற்பது நிமிஷம் ஆனது என்றும், அதுவரை அந்த மாடு உன்னையே பார்த்துக்கொண்டு கிடந்தது என்றும் மறுநாள் சொன்னாய். அந்த நாற்பது நிமிஷத்தில் என் பங்கு பெரியது. பூட்டுக்காரர் வந்து பீரோவைத் துளைத்துத் திறந்தார், ரைஃபிள் உன் கிளினிக்கின் பெட்டகத்துக்குப் போனது, உன் பெட்டி குப்பைக்குப் போனது. பழி மட்டும் வித்யாவிடம் நின்றுவிட்டது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். போன வாரம் அவள் உன் அம்மாவிடம் பேசும்போது, "இப்பல்லாம் சாமி அலமாரிய நான் தொடறதே இல்ல அத்தை" என்றாளாம்.

உன் அம்மாவுக்கும் இது தெரியும். எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். சாவியை என் மேசை டிராயரில் போட்டுப் பூட்டினேன், ஆனால் சட்டையை மறந்தேன். துவைக்க எடுத்தவள் பையை வெளியே இழுத்துப் பார்த்துவிட்டு நேரே என் முன்னால் வந்து நின்றாள். "வெள்ளைச் சட்டைப் பைக்குள்ள என்னங்க குங்குமம்?" நாற்பது வருஷம் குடித்தனம் நடத்தியவள், என் முகத்தைப் பார்த்தே மிச்சத்தைப் படித்துவிட்டாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "அன்னிக்கு எனக்கு. இன்னிக்கு அவளுக்கு" என்றாள். அவ்வளவுதான்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. நீ எட்டு வயதுப் பையன். ஸ்பிரிங்வேலில் வாடகை யூனிட்டில் இருந்தோம். பாஸ்போர்ட்டும் அம்மாவின் நகையும் ஒரு இரும்புப் பெட்டியில். சாமி பார்த்துக்கொள்வார், சாமி படத்துக்குப் பின்னால் எந்தத் திருடனும் கை வைக்க மாட்டான் என்று சாவியைப் பிள்ளையாருக்குப் பின்னால் வைத்தவன் நான். நீ ஒருநாள் அதை எடுத்துத் திறந்து, அம்மாவின் கல்யாண ஒட்டியாணத்தைப் பள்ளிக்குக் கொண்டுபோய், "இது எங்கம்மா பெல்ட்" என்று வகுப்பில் காட்டியிருக்கிறாய். டீச்சர் பதறிப்போய் போன் செய்தார். ஒட்டியாணம் திரும்பி வந்துவிட்டது, கதையும் நம் வீட்டில் சிரிப்புக் கதையாகிவிட்டது. ஆனால் அன்று சாயங்காலம் நான் உன் அம்மாவைப் பிடித்து, "பிள்ளை கைக்கு எட்டுற எடத்துல சாவிய வெச்சது யாரு? அறிவிருக்கா?" என்று பக்கத்து யூனிட்டுக்குக் கேட்கிறமாதிரி கத்தினேன். வைத்தது நான்தான் என்று கத்தும்போதே எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். தட்டை வைத்து எனக்குச் சோறு போட்டாள். நான் அதைப் பற்றி ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. சாவியைப் பிள்ளையாருக்குப் பின்னால் வைப்பதையும், அது காணாமல் போனால் பெண்டாட்டி மேல் பாய்வதையும், இரண்டையும் நீ என்னிடம்தான் கற்றுக்கொண்டாய் கண்ணா. உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

நேற்றுச் சாப்பிட்டு முடித்ததும் உன் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "அந்த ஒட்டியாண விஷயத்துல நான் பேசினது தப்பு. சாவிய வெச்சது நான்." அவள் தட்டைக் கழுவிக்கொண்டே, "அம்மாடி, இப்பவாவது வந்துதே" என்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் குழாயை மூடாமல் ரொம்ப நேரம் அந்த ஒரே தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வருஷம் தள்ளிப்போட்டதை நினைத்து எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ அவ்வளவு நாள் தள்ளிப்போடாதே.

புது பீரோ வந்ததும் நம்பர் உன் தலைக்குள் மட்டும் இருக்கட்டும். அவசரச் சாவியை எங்கே வைக்கிறாய் என்று வித்யாவிடம் சொல்லாதே, அவளுக்கே அது நிம்மதி. என்னிடமும் சொல்லாதே. நான் கேட்பேன், எனக்குப் பழக்கம் போகாது. "சொல்ல முடியாதுப்பா" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடு, கோபித்துக்கொள்ள மாட்டேன். சாமி அலமாரியில் சாமி மட்டும் இருக்கட்டும். பங்குனி உத்திரத்துக்கு கேரம் டவுன்ஸ் கோயிலுக்கு நீங்கள் வரும்போது நான் இனியாவிடம் அதே கேள்வியைக் கேட்பேன். "தெரியாது தாத்தா" என்று அவள் சொல்லிவிட்டால் அவளுக்கு ஐஸ்க்ரீம், உனக்கு நூற்றுக்கு நூறு. இந்த உறைக்குள் ஒரு சாவி வளையம் இருக்கும். இனி அது எதையும் திறக்காது. இருந்தாலும் அது உங்கள் வீட்டுப் பொருள், என் டிராயரில் இருக்கக் கூடாது.

வித்யா, இவ்வளவு நேரம் நீதானே படித்தாய், அதனால் உன்னிடம் நேராகவே சொல்கிறேன். நீ சத்தியம் செய்தது என் காதில் விழுந்தது. சாவி என் பையில் இருந்தது. வாய் திறக்காமல் நின்றேன். நீ என்னை மாமா என்று கூப்பிடுகிறாய், உன் அப்பா இடத்தில் இருந்து நான் செய்யக் கூடாததைச் செய்தேன். என்னை மன்னித்துவிடு அம்மா. மறுபடி அந்த அலமாரியைத் தொட்டு விளக்கேற்று. இப்போது இந்தக் காகிதத்தை அவன் கையில் கொடுத்துவிடு, இனி உள்ளதை அவன் படிக்கட்டும்.

செந்தில், எழுத்துக்கூட்டியாவது படி, சத்தமாகப் படி, அவள் முகத்தைப் பார்த்துப் படி. நீ கேட்ட இரண்டு வரி இதுதான்.

வித்யா, சாவியை நீ எடுக்கவில்லை.

உன்னை நம்பாமல் கத்தியது என் தப்பு.